கைவினைக் கேள்வி–பதில்: கவசத்துக்குப் பளபளப்பு ஏற்றுவது எப்படி?

ஆண்டிறுதி காஸ்பிளே (கதாபாத்திர வேட) விழாக்களுக்கும் பள்ளி நாடகங்களுக்கும் கவசம் செய்கிற சிங்கப்பூர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பெரும்பாலான கடிதங்களின் சாரம் ஒன்றுதான்: பெயின்ட் அடித்தும் பளபளப்பு வரவில்லை. எந்த டப்பா வாங்கினார்கள் என்பதை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அடியில் என்ன பொருள், எந்த எண் உப்புத்தாள் வரை தேய்த்தார்கள், அடித்த அன்று காற்றில் எவ்வளவு ஈரம் என்பதை எழுதியவர்கள் மிகச் சிலர். பளபளப்பை முடிவு செய்பவை இந்த மூன்றுமே.

5 மில்லிமீட்டர் ஈவிஏ ஃபோமில் (மெத்தென்ற நுரைத் தகடு) மார்புக் கவசம் செய்து கறுப்பு கிளாஸ் (பளபளப்பு) ஸ்ப்ரே மூன்று கோட் அடித்தேன். பொட்டுப் பொட்டாகக் குழி தெரிகிறது. ஒரு மணி நேரம் அணிந்ததுமே அக்குள் பக்கம் வெடித்துவிட்டது. என்ன செய்யலாம்? — செங்காங் வாசகர்

உங்களுக்கு இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். முதலில் குழி. ஃபோம் முழுக்கக் காற்றுக் குமிழிகள். வெட்டிய இடத்திலும் தேய்த்த இடத்திலும் அவற்றின் வாய் திறந்துகொள்ளும். பெயின்ட் அதற்குள் இறங்கிக் காய்ந்தால் மேலே குழி அப்படியே நிற்கும். கிளாஸ் பெயின்ட் குழியை நிரப்புவதில்லை, எடுத்துக் காட்டும்.

துண்டுகளை வெட்டி முடித்ததும், ஒட்டுவதற்கு முன்பே, ஹீட் கன் பிடியுங்கள். முனையை ஏழெட்டு சென்டிமீட்டர் தள்ளி வைத்து, நிறுத்தாமல் நகர்த்த வேண்டும். மங்கலாக இருந்த பரப்பு லேசாக மினுங்கத் தொடங்கும். அந்தக் கணத்தில் அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள். அங்கேயே நின்றால் ஃபோம் சுருங்கி விளிம்பு கோணிவிடும். ஒட்டிய பிறகு அதிகம் சூடு காட்டினால் கான்டாக்ட் சிமெண்ட் பசை இளகி இணைப்பு வாய் பிளக்கும். ஃபோமின் ஒரு முகம் ஆலையிலிருந்தே வழவழப்பாக வந்தால் அதை வெளிப்பக்கமாக வைத்து வெட்டுங்கள். அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 85 கிலோவுக்கு மேல் உள்ள ஃபோமில் குமிழிகள் சிறியவை. இந்த வேலைக்கு அதுதான் ஏற்றது.

அடுத்து மூடுபூச்சு. பிளாஸ்டி டிப் போன்ற ரப்பர் பூச்சு என்றால் அரை மணி இடைவெளியில் நான்கைந்து கோட் அடித்து, ஓர் இரவு முழுக்க விடுங்கள். மரப்பசையில் சரிபாதி தண்ணீர் கலந்து ஐந்தாறு கோட் பூசுகிறவர்கள் உண்டு. மலிவான வழிதான், ஆனால் வெள்ளை மரப்பசை பெரும்பாலும் ஈரத்தில் மறுபடி இளகும். தண்ணீர் விட்டுத் தேய்க்க முடியாது, வியர்வை படும் இடத்தில் பிசுபிசுக்கும். உயர்ந்த பளபளப்பு வேண்டுமானால் அது அடித்தளமாக உதவாது.

இனி வெடிப்பு. நன்றாக மினுங்கும் பூச்சுகளில் பெரும்பாலானவை காய்ந்தபின் இறுகுபவை. ஃபோம் வளையும், பூச்சு வளையாது, எனவே பிளக்கும். வளைகிற பாகத்தில் கண்ணாடிப் பளபளப்பு வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். கவசத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: அக்குள், இடுப்பு, முழங்கை போன்ற வளையும் இடங்களுக்கு ஃபோம், அதன்மேல் நெகிழும் அக்ரிலிக் பெயின்ட், அரைப் பளபளப்பு போதும். மார்புத் தகடு, தோள், முன்கை, கால் தகடு ஆகிய அசையாத பெரிய முகங்களுக்கு 3 மில்லிமீட்டர் பிவிசி ஃபோம் போர்டு. விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் வெட்டுத் துண்டுகளாகவே கிடைக்கும். ஹீட் கன்னில் இளகி வளையும், பிறகு விறைத்துக்கொள்ளும், பரப்பு முதலிலிருந்தே வழவழப்பு. தீய விட்டால் மட்டும் நெடியான அமில வாயு வரும். திறந்த இடத்தில், மிதமான சூட்டில் வளையுங்கள். ஃபோமிலேயே மல்லாடுவதைவிடப் பெரிய முகங்களை இந்தப் போர்டுக்கு மாற்றுவது பாதி வேலையைக் குறைக்கும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். மாலையில் மழை விட்டதும் புளோக்கின் கீழ்த்தளத்தில் கிளியர் (நிறமற்ற மேற்பூச்சு) அடித்தேன். கொஞ்ச நேரத்தில் கறுப்பு முழுக்க வெண்மை படர்ந்துவிட்டது. டப்பா பழையதா? — ஈசூன் வாசகர்

டப்பாமேல் குற்றம் இல்லை. லாக்கர் (கரைப்பான் ஆவியாகிக் காயும் பூச்சு) ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பின் சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. பரப்பு சில டிகிரி குளிர்கிறது. சிங்கப்பூர்க் காற்றின் பனிநிலை (ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) பெரும்பாலான நாட்களில் 24 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். 29 டிகிரி மாலையில் பரப்பு ஐந்தாறு டிகிரி குளிர்ந்தாலே காற்றின் ஈரம் அதன்மேல் நுண்துளியாகப் படிந்து, காய்ந்துகொண்டிருக்கும் கிளியருக்குள் சிக்கிக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் வெண்மை அதுதான். மழை விட்டதும் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடும். அடிப்பதற்கு அதைவிட மோசமான நேரம் இல்லை.

தேய்த்து எடுத்துவிடாதீர்கள், பெரும்பாலும் காப்பாற்றலாம். மறுநாள் வெயில் நேரத்தில் அதே கிளியரை மெல்லிய, ஈரமான ஒரு கோட்டாக அடித்தால் கீழே உள்ள படலம் மறுபடி இளகி, சிக்கிய ஈரம் வெளியேறும். மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைத் தூவினாலும் இதே பலன். இது லாக்கர் வகைக்கு மட்டும் பொருந்தும். இனாமல் என்னும் எண்ணெய் வகைப் பெயின்டும், கடினமாக்கி கலந்த 2கே கிளியரும் இப்படி இளகாது.

ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில வெள்ளி (டாலர்) தான். 70 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் அடிக்கலாம், 65க்குக் கீழே என்றால் கவலையே இல்லை. மழையில்லாத நாளில் பிற்பகல் ஒன்றிலிருந்து நான்கு வரை அந்த வாய்ப்பு அதிகம். விடியற்காலை வேண்டாம். டிசம்பர், ஜனவரி மழைக்காலத்தில் அடிக்க வேண்டியிருந்தால் நான்கைந்து நாள் கூடுதலாக ஒதுக்குங்கள்.

பலரும் கவனிக்காத இன்னொன்று: குளிர்சாதன அறையில் வைத்திருந்த துண்டை நேராக வெளியே கொண்டுபோய் அடிப்பது. பேரங்காடியிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மூடிக்கொள்வதுபோல் அதன்மேலும் ஈரம் படியும், கண்ணுக்குத் தெரியாது. துண்டையும் டப்பாவையும் ஒரு மணி நேரம் முன்பே வெளியே வையுங்கள்.

இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கீழ்த்தளம், தாழ்வாரம், மாடிப்படி எதிலும் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். தூவல் காற்றில் மிதந்து அண்டை வீட்டுக் கதவிலும் காலணியிலும் காயும் துணியிலும் ஒட்டும், நெடி வீட்டுக்குள் போகும், புகார் நகர மன்றத்துக்குப் போகும். வீட்டுக்குள்ளும் வேண்டாம். டப்பாவில் பெயின்டைத் தள்ளும் வாயு தீப்பற்றக்கூடியது, காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். பூஜை மாடத்து விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் அதைப் பற்றவைக்கலாம்.

அப்படியானால் எங்கே அடிப்பது? தரைவீட்டு நண்பரின் கார் நிறுத்தும் முற்றம், ஸ்ப்ரே அறை உள்ள வாடகைப் பட்டறை, அல்லது மிக நல்ல வழியாக, சின் மிங், காக்கி புக்கிட் பகுதிகளில் உள்ள கார் பெயின்ட் பட்டறைகள். நிறம் வரை நீங்களே முடித்துக் கொடுத்து, கிளியர் மட்டும் அவர்களின் அறையில் அடித்துத் தரக் கேளுங்கள். வேறு காருக்குக் கிளியர் கலக்கும் நாளில் சேர்த்து அடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பூச்சின் தரத்தை டப்பாவில் எட்டுவது கடினம்.

முப்பரிமாண அச்சில் எடுத்த தலைக்கவசம். 400 எண் உப்புத்தாள் வரை தேய்த்தேன், பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தபோது வழவழப்பாக இருந்தது. சிவப்பு கிளாஸ் அடித்து ஒரு வாரத்தில் அடுக்குக் கோடுகள் மறுபடி வந்துவிட்டன. — ஜூரோங் வெஸ்ட் வாசகர்

கோடுகள் போகவே இல்லை, மூடியிருந்தன. ஃபில்லர் பிரைமரும் குழாயில் வரும் ஒரு பாகப் பட்டியும் (பள்ளம் நிரப்பும் பசை) கரைப்பான் வெளியேற வெளியேறச் சுருங்குபவை. தொட்டால் ஒட்டாத நிலை அரை மணியில் வந்துவிடும், உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேற நம் ஈரக் காற்றில் ஓரிரு நாட்கள் ஆகும். அதற்குள் தேய்த்து நிறம் அடித்தால், பள்ளத்தில் தடிமனாக இருந்த பிரைமர் பிறகு கீழே இறங்கிக் கோட்டைக் காட்டும்.

மறுபடி செய்யும்போது பிளாஸ்டிக்கையே முதலில் மட்டப்படுத்துங்கள். 120 எண்ணில் தொடங்கி 180, 240. பிஎல்ஏ என்னும் அச்சுப் பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகும், மெஷின் சாண்டர் பிடித்தால் உருகித் தாளில் அப்பிக்கொள்ளும். கையால், தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது நல்லது. தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டால் தாள் அடைபடாது. ஆழமான பள்ளங்களுக்குக் கார் பட்டி என்னும் இரு பாகப் பாலியெஸ்டர் பட்டி வாங்குங்கள். 100 கிராமுக்கு 2 கிராம் கடினமாக்கி. நம் வெப்பத்தில் சில நிமிடங்களிலேயே இறுகத் தொடங்கும், எலுமிச்சை அளவுக்குமேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். கடினமாக்கியைக் கூட்டிப் போட்டால் சீக்கிரம் இறுகும், ஆனால் மிச்சம் நிற்கும் வேதிப்பொருள் மேல் நிறத்தில் மஞ்சளாகவோ செம்மையாகவோ கசியும்.

நுணுக்கமான வேலைப்பாடு உள்ள தலைக்கவசத்துக்கு எக்ஸ்டிசி-3டி போன்ற எப்பாக்சி பூச்சு வசதி. எடையில் 100க்கு 42, அளவில் 2க்கு 1. கலந்தபின் பத்து நிமிடம்தான் வேலை நேரம்; கோப்பையில் குவித்து வைத்தால் தானே சூடேறி இன்னும் சீக்கிரம் இறுகும், தட்டையான தட்டில் பரப்பி வைத்துத் தூரிகையால் மெல்லிசாக இழுங்கள். காய்ந்தபின் மேலே மெழுகுபோல் ஒரு படலம் தட்டுப்பட்டால் அது ஈரக் காற்றின் வேலை. தேய்ப்பதற்கு முன் வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கொண்டு கழுவிவிடுங்கள். கழுவாமல் தேய்த்தால் அந்தப் படலத்தை உள்ளேயே அழுத்திவிடுவீர்கள், அதன்மேல் பெயின்ட் பிடிக்காது.

அதன்பின் ஃபில்லர் பிரைமர் இரண்டு கோட், இரண்டு நாள் காய விடுங்கள். அதன்மேல் வேறு நிற ஸ்ப்ரேயை மிக லேசாகத் தூவி 320, 400 எண்களால் தேய்த்தால், தூவல் மிச்சமிருக்கும் இடமெல்லாம் பள்ளம் என்று தெரியும். பட்டி வைத்து மறுபடி பிரைமர், பிறகு 600, 800. கடைசிச் சோதனை ஒன்று உண்டு. மலிவான கறுப்பு கிளாஸ் ஒரு கோட் அடித்துக் காயவிட்டு, வீட்டு டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். விளக்கின் பிரதிபலிப்பு நேர்கோடாக ஓடினால் பரப்பு தயார். நெளிந்தால் அந்த இடத்தில் இன்னும் வேலை இருக்கிறது. இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு நல்ல நிறத்தை அடிக்கவே அடிக்காதீர்கள்.

கிளியர் அடித்ததும் மீன் கண்போல் வட்ட வட்டமாக விலகிப் போகிறது. — தெம்பனிஸ் வாசகர்

எண்ணெய் அல்லது சிலிகோன். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கை, அறையில் அடித்த மரச்சாமான் பாலிஷ், கதவுக் கீலுக்குப் போட்ட சிலிகோன் ஸ்ப்ரே எல்லாம் இதைச் செய்யும். மிகச் சிறிய அளவே போதும். ஈரமாக இருக்கும்போது மேலும் அடித்து மூட முயல வேண்டாம். காயவிட்டு, வட்டம் மறையும்வரை 600இல் தேய்த்து, கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் மெழுகு–எண்ணெய் நீக்கியால் துடையுங்கள். ஒரு துணியால் தடவி, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெய் இடம் மாறும், அவ்வளவுதான். தேய்ப்பதற்கு முன்பும் ஒரு தடவை துடைப்பது இன்னும் நல்லது. இல்லையேல் எண்ணெயை உப்புத்தாளே உள்ளே தேய்த்துவிடும். அன்றிலிருந்து நைட்ரைல் கையுறை இல்லாமல் துண்டைத் தொடாதீர்கள்.

இரண்டாவது கோட் அடித்ததும் முதல் கோட் சுருங்கித் தோல்போல் ஆகிவிட்டது. — தோ பாயோ வாசகர்

பாதி காய்ந்த இனாமல்மேல் புதிய கரைப்பான் பட்டிருக்கிறது. டப்பாவின் பின்பக்கம் பாருங்கள், 'ஒரு மணி நேரத்துக்குள் அல்லது 48 மணி நேரத்துக்குப் பின்' என்பதுபோல் மறுபூச்சு நேரம் போட்டிருக்கும். நடுவில் அடித்தால் இப்படித்தான் ஆகும். இனாமல்மேல் லாக்கர் அடித்தாலும் இதே கதி. பிரைமர், நிறம், கிளியர் மூன்றையும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையில் வாங்குங்கள்.

1கே கிளியர் போதுமா, 2கே வாங்கலாமா? அடிக்கும்போது அணிய முகக்கவசம் எந்த மாதிரி? — பொங்கோல் வாசகர்

1கே கரைப்பான் ஆவியாவதால் மட்டும் காயும். மறுபடி இளகும், கீறலும் விழும். அடித்த அன்று நன்றாக மினுங்கி, இரண்டு வாரத்தில் சற்று மங்கும், படலம் சுருங்குவதுதான் காரணம். 2கேயில் கடினமாக்கி தனியாக உண்டு. டப்பாவின் அடியில் உள்ள ஊசியை அழுத்தினால் உள்ளே கலந்துகொள்ளும், நன்றாகக் குலுக்கிய பிறகு அடிக்க வேண்டும். கலந்தபின் டப்பாவைப் பொறுத்து ஓரிரு நாள்தான் உயிர், மிச்சம் இறுகிவிடும். ஆகவே எல்லாத் துண்டுகளும் தயாரான பிறகே ஊசியை அழுத்துங்கள். ஆழமான, நிலைத்த பளபளப்பில் 2கேக்கு ஈடில்லை.

ஆனால் அந்தக் கடினமாக்கி ஐசோசயனேட். மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்குப் பிறகு மிகக் குறைந்த அளவே ஆஸ்துமாவைத் தூண்டும், அது வாழ்நாள் முழுக்க நீடிக்கலாம். தோல்மேல் படுவதும் ஆபத்து. மருத்துவ முகக்கவசமும் என்95ம் துகளைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்கா. சாதாரண லாக்கருக்கே கரிம ஆவி வடிகட்டியும் அதன்மேல் துகள் வடிகட்டியும் பொருத்திய அரைமுக ரெஸ்பிரேட்டர் வேண்டும். தாடி இருந்தால் ஓரம் ஒட்டாது, காற்று அதன் வழியே நுழையும். ஐசோசயனேட்டுக்கு நெடி பெரிதாகக் கிடையாது, வடிகட்டி தீர்ந்துவிட்டதை மூக்கு சொல்லாது. தொழில்முறைப் பெயின்டர்கள் வெளிக்காற்றுக் குழாய் பொருத்திய முகமூடி அணிவது அதனால்தான். எனவே வீவக வீட்டில் 2கே வேண்டவே வேண்டாம். கார் பட்டறைக்கு அனுப்புங்கள், இல்லையேல் 1கே அடித்துப் பாலிஷ் போடுங்கள்.

கணக்குக்கு: 400 மில்லி கிளியர் டப்பா ஒன்று இரண்டு கோட்டில் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டருக்கு வரும். பெரியவர் ஒருவரின் மார்பு, முதுகுத் தகடுகளுக்கு ஒன்று, கை கால் தோளுக்கு இன்னொன்று, கைவசம் ஒன்று என மூன்று வாங்குங்கள். பெயின்ட், தின்னர் எதையும் எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோகாதீர்கள். தீப்பற்றும் பொருளுக்கு அங்கே தடை, அபராதம் 5,000 வெள்ளி வரை.

மகன் தொடக்கப்பள்ளித் தமிழ் நாடகத்தில் கர்ணனாக நடிக்கிறான். பொன்னிறக் கவச குண்டலம் பளபளவென்று இருக்க வேண்டும். வீட்டிலேயே, நெடி இல்லாமல் செய்ய வழி சொல்லுங்கள். இரண்டு வாரம் இருக்கிறது. — பிடோக் வாசகி

தாராளமாகச் செய்யலாம், ஸ்ப்ரே தேவையே இல்லை. குழந்தை அசைந்துகொண்டே இருப்பான், ஆகவே 5 மில்லிமீட்டர் ஃபோம்தான் சரி. முதல் பதிலில் சொன்னபடி ஹீட் கன் பிடித்துக்கொள்ளுங்கள். குண்டலத்துக்கும் ஃபோமே போதும். தெர்மாகோலில் செய்து பின்னால் யாராவது ஸ்ப்ரே அடித்துத் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள், கரைப்பான் பட்டதும் தெர்மாகோல் உருகிப் பள்ளமாகிவிடும்.

மேடைக் கவசத்துக்கு ஒரு தனி இலக்கணம் உண்டு. பெரிய சமதளம் முழுக்கப் பொன்னாக மினுங்கினால், முன்விளக்கு படும் கோணத்தில் ஒரே வெள்ளைத் திட்டாகவும் மற்ற கோணங்களில் இருட்டாகவும் தெரியும். பார்வையாளர் கண்ணில் தங்கம் நிற்க வேண்டுமானால் பரப்பில் மேடு பள்ளம் வேண்டும். சூரியக் கதிர், கொடி, முத்து வரிசை எதுவானாலும் 2 மில்லிமீட்டர் ஃபோமில் வெட்டி ஒட்டுங்கள். மெல்லிய நூல்கயிற்றைப் பசையில் தோய்த்து ஓரக்கோடாக ஒட்டுங்கள். ஒவ்வொரு மேடும் விளக்கை ஒரு பக்கமிருந்து பிடித்துத் தரும்.

மூடுபூச்சாகத் தண்ணீரில் கரையும் நெகிழ்வான அக்ரிலிக் பிரைமர் மூன்று கோட். பிறகு செம்பழுப்பு அக்ரிலிக் ஒன்று. கறுப்பின்மேல் பொன் அடித்தால் நிறம் குளிர்ந்து பச்சை தட்டும், செம்பழுப்பின்மேல் சூடான பொன் வரும். அதன்மேல் பொன் அக்ரிலிக்கை மென்மையான அகலத் தூரிகையால் ஒரே திசையில் இரண்டு மூன்று மெல்லிய கோட்டாக இழுங்கள். தடிமனாக அப்பினால் தூரிகைக் கோடு தெரியும். நீர்த்த பழுப்பைப் பள்ளங்களில் விட்டு, மேடுகளை உடனே துணியால் துடைத்தால் வேலைப்பாடு எழும்பி நிற்கும். கடைசியில் தண்ணீர் வகைப் பாலியூரிதேன் கிளாஸ் வார்னிஷ் மூன்று கோட், கோட்டுக்கு இடையே மூன்று நான்கு மணி நேரம். டப்பாவைக் குலுக்காதீர்கள், குமிழி வரும். குச்சியால் மெதுவாகக் கலக்குங்கள். ஏற்கெனவே பூசிய இடத்துக்குத் தூரிகையை மறுபடி கொண்டுபோகாதீர்கள். வார்னிஷ் முதலில் பால்போல் இருந்து தெளியும். தடிமனாகப் பூசினாலோ ஈரப்பதம் அதிகமானாலோ அந்தப் பால்நிறம் உள்ளேயே தங்கிவிடும், ஆகவே மின்விசிறி ஓடட்டும்.

பத்தாம் நாளுக்குள் பூச்சை முடித்துவிடுங்கள். மிச்ச நான்கு நாளும் காய்வதற்கு. உட்பக்கம் பருத்தித் துணி ஒட்டுங்கள், வியர்வையும் உராய்வும் பையனை உறுத்தாது. முழுதும் காயாத வார்னிஷ் மடித்து வைத்தால் தானே தன்மேல் ஒட்டிக்கொள்ளும், விரித்தே வையுங்கள்.

குரோம் பெயின்ட் அடித்தபோது கண்ணாடிபோல் இருந்தது. கிளியர் அடித்ததும் சாம்பல் நிறமாகிவிட்டது. — உட்லண்ட்ஸ் வாசகர்

குரோம் பெயின்டின் மினுக்கம், மிக நுண்ணிய உலோகச் செதில்கள் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாகத் தட்டையாகப் படுத்திருப்பதால் வருவது. கிளியரின் கரைப்பான் அவற்றைக் கிளப்பித் திசை கலைத்துவிடுகிறது. இருந்தபடியே விட்டால் கைபட்ட இடமெல்லாம் மங்கும். ஆகவே அணியும் கவசத்தில் குரோமைக் கை படாத சிறு அலங்காரங்களோடு நிறுத்துங்கள். அதற்கும் அடியில் கறுப்பு கிளாஸ் முழுதாக இறுகிப் பாலிஷ் ஏறியிருக்க வேண்டும், குரோம் மெல்லிய தூவலாக விழ வேண்டும். பெரிய பரப்புக்கு நுண்துகள் வெள்ளி நிறமும் அதன்மேல் கிளியரும்தான் தாங்கும். அந்த வெள்ளியின்மேல் டாமியா எக்ஸ்-24 தெளிமஞ்சள், எக்ஸ்-27 தெளிசிவப்பு போன்ற ஒளி ஊடுருவும் நிறத்தை ஏர்பிரஷில் மெல்லிதாக ஏற்றிக் கிளியர் அடித்தால், ஆழத்திலிருந்து நிறம் எழும். ஒவ்வொரு கோட்டும் நிறத்தை அடர்த்தியாக்கும், எனவே எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே எண்ணிக்கையில் அடியுங்கள். வெள்ளி, பொன் போன்ற உலோக நிறங்களைக் கிளியருக்கு முன் தேய்க்கக் கூடாது. தேய்த்த இடம் திட்டாகத் தெரியும், அதை எதுவும் மறைக்காது.

கிளியர் ஆரஞ்சுத் தோல்போல் இருக்கிறது. பாலிஷ் போட்டால் சரியாகுமா? — புக்கிட் பாத்தோக் வாசகர்

சரியாகும், கிளியர் போதிய தடிமனில் இருந்தால். தூரத்திலிருந்து அடித்ததாலோ வெயிலில் அடித்ததாலோ துளிகள் பரப்பில் விழுந்து பரவுவதற்குள் காய்ந்துவிடுகின்றன. அடுத்த முறை நிழலில் வைத்து, 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரத்தில், ஒவ்வொரு வரியும் முந்தையதன் பாதியை மூடுமாறு அடியுங்கள். முதல் கோட் மெல்லிய தூவல், பத்து நிமிடம் கழித்து நடுத்தரம், இன்னும் பத்து நிமிடத்தில் பரப்பு ஈரமாக மினுங்கும் கோட். துண்டுக்கு வெளியே விசையை அழுத்தத் தொடங்கி, வெளியே போய் விடுங்கள். அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டால் ஓடி வடியும்.

இப்போது இருப்பதைச் சரிசெய்ய: 1கே என்றால் குறைந்தது இரண்டு வாரம் காயட்டும், 2கே என்றால் ஓரிரு நாள் போதும். நகத்தை மறைவிடத்தில் அழுத்திப் பாருங்கள், தடம் விழுந்தால் இன்னும் பொறுங்கள். விளிம்புகளிலும் மேட்டு முனைகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பூச்சு அங்கேதான் மெல்லியது, தேய்ந்து நிறம் வெளிவருவதும் அங்கேதான். சோப்புத் தண்ணீரில் ஊறிய 1500 எண் தாளைச் சிறு ரப்பர்க் கட்டையில் சுற்றித் தேய்த்து, அடிக்கடி துடைத்துப் பாருங்கள். தோலின் பள்ளங்கள் பளபளக்கும் புள்ளிகளாகவும் தேய்ந்த இடம் மங்கலாகவும் தெரியும். புள்ளிகள் போனதும் நிறுத்துங்கள். தேய்த்த நீர் நிறம் மாறினால் கிளியரைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். பிறகு 2000, 3000. ஒவ்வொரு எண்ணுக்கும் திசையை மாற்றினால் முந்தைய கீறல் போயிற்றா என்று எளிதாகத் தெரியும். கடைசியாகக் காம்பவுண்ட் (மெருகேற்றும் பசை): டாமியாவின் கோர்ஸ், ஃபைன், ஃபினிஷ் மூன்றும் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் தனி மைக்ரோஃபைபர் துணி. ஒரே துணியைப் பயன்படுத்தினால் பெருந்துகள் மறுபடி கீறும். மெஷின் பிடித்தால் குறைந்த வேகம், ஓரிடத்தில் நிற்கக் கூடாது; 1கே கிளியர் உராய்வுச் சூட்டிலேயே இளகிச் சுருளும்.

விழா இடத்துக்குக் கொண்டுபோவதற்குள் தடம் விழுந்துவிடுகிறது. — அங் மோ கியோ வாசகர்

குமிழ்த்தாளை நேராகச் சுற்றுகிறீர்கள் என்று நினைக்கிறோம். புதிய பூச்சில் அதன் வட்டங்கள் அச்சாகப் பதியும். முதலில் துவைத்துப் பழகிய வேட்டித் துணியில் சுற்றி, அதற்குமேல் குமிழ்த்தாள் சுற்றுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் பிஎல்ஏ தலைக்கவசத்தை விட்டுப் போகாதீர்கள், உள்ளே ஏறும் சூட்டில் வடிவமே தளர்ந்துவிடும். அணியும்போது தோள் தகடு மார்பில் உரசும் இடங்களைச் சாக்பீஸ் தடவிக் கண்டுபிடியுங்கள். தோளின் உட்பக்கத்தில் மெல்லிய ஃபெல்ட் துணியும், மார்பில் கார்களுக்கு ஒட்டும் நிறமற்ற பாதுகாப்புப் படலமும் ஒட்டினால் போதும். படலத்தைக் கிளியர் அடித்து ஒரு மாதம் கழித்தே ஒட்டுங்கள்; முன்னதாக ஒட்டினால் அடைபட்ட கரைப்பான் கொப்புளம் கிளப்பும்.